கோலம் போட்டால் போதாதா, ஆர்ட் தெரபி எதற்கு?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி, ஜனவரி 18

பொங்கல் கோலப் போட்டியில் எங்கள் தெருவுக்கு இரண்டாம் பரிசு. அந்தச் சந்தோஷத்தில் சென்னையில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டால், அவள் ஆர்ட் தெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறாளாம். ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். போய் என்னடி செய்கிறாய் என்றால், கலர் அடிக்கிறேன் என்கிறாள். நம் அப்பத்தாக்கள் விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள், பனையோலைக் கொட்டான் முடைந்தார்கள், பாசிமணி கோத்தார்கள். அதைவிடவா பெரிய தெரபி? அவர்களுக்கெல்லாம் டிப்ரஷன் வந்ததா என்ன?

ஜனவரி 18, இரவு

வந்தது. வீட்டின் பின்பக்கம் மூன்றாங்கட்டில் ஒரு மூலையில் கிடந்து, விசேஷத்துக்குக்கூட முகப்புக்கு வராத ஒரு சின்ன அப்பத்தாவோ பெரிய அயித்தையோ உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார். "அவளுக்கு அப்பப்போ அப்படித்தான்" என்று சொல்லிச் சாப்பாட்டை மட்டும் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். அவருக்கும் கோலம் போடத் தெரிந்துதான் இருக்கும்.

கோலம் மனசை லேசாக்கும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் யாருடைய வாசலில் என்று கேட்க வேண்டும். நான் பள்ளத்தூருக்கு மருமகளாக வந்தவள். கல்யாணமான புதிதில் நான் போடும் கோலத்தை எதிர்வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பார்கள். "இழை தடிச்சுப்போச்சே, அவசரமோ?" அவ்வளவுதான் சொல்வார்கள். அன்று முழுக்க எனக்கு அது ஓடும். தினமும் விடியக்காலையில் பரீட்சை எழுதுவதைத் தெரபி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரி 19

"அப்படியானால் ஆர்ட் தெரபி என்றால் என்னதான், அதைச் சொல்லுங்கள்" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சரி.

அந்தப் பெயரை முதலில் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய் வந்து சானடோரியத்தில் படுத்திருந்தபோது, படுக்கையில் இருந்தபடியே வரைந்தார். தனக்குத் தேறியது போலப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் தேறட்டும் என்று அவர்களையும் வரைய வைத்தார். 1942-இல் அதற்கு ஆர்ட் தெரபி என்று பெயர் சொன்னார். இரண்டாம் உலகப்போர் சமயம், காயம்பட்ட சிப்பாய்கள் ஆஸ்பத்திரிகளில் நிறைந்திருந்த காலம். அமெரிக்காவில் அதே காலத்தில் மார்கரெட் நாம்பர்க் தனி வழியில் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு ஓவியம் என்பது வாய்விட்டுச் சொல்ல முடியாததை வெளியே எடுக்கும் வழி. எடித் கிரேமர் வேறு கட்சி: வரைவதே பாதி வைத்தியம், பேச்சு அப்புறம்தான் என்றார். இந்த இரண்டு கட்சியும் இன்றைக்கும் இருக்கின்றன.

இந்த கிரேமரின் ஆசிரியை ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். நாஜிகள் அவரை டெரெசின் முகாமில் அடைத்தார்கள். கொண்டுபோக அனுமதித்த கொஞ்ச எடையில் வரையும் பொருள்களை எடுத்துப்போய், அங்கிருந்த குழந்தைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். 1944-இல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பிக் கொன்றுவிட்டார்கள். போகுமுன் சுமார் 4,500 படங்களை இரண்டு சூட்கேஸ்களில் வைத்து ஒளித்திருந்தார். அந்தப் படங்கள் இப்போது பிராக் நகர யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நான் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். பிள்ளைகள் படத்தில் பத்துக்கு ஆறு, பத்துக்கு ஏழு என்று சிவப்பு மையில் போட்ட கை இது. டெரெசின் கதையைப் படித்த பிறகு சிவப்புப் பேனாவை எடுக்கவே கூசியது.

தொழிலாகப் பார்த்தால் விஷயம் எளிது. வரைகிறவர், வரைந்த படம், பயிற்சி பெற்ற ஒருவர். மூன்றும் ஒரே அறையில் இருக்க வேண்டும். படம் நன்றாக இருக்கிறதா என்ற பேச்சே கிடையாது. உங்கள் மகள் கொடுக்கும் ஆயிரத்து ஐந்நூறு கலர் பென்சிலுக்கு இல்லை, அந்த மூன்றாவது ஆளுக்கு.

ஜனவரி 19, மாலை

கானாடுகாத்தான் அண்ணன் ஒருவர் கேட்கிறார்: "அப்போ ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவர்கள் எல்லாம் ஞானிகளா?"

நல்ல கேள்விதான் அண்ணே. பட்டறையில் போய்ப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கண்ணாடிப் பலகையைத் துடைத்து, மேலே பூ அச்சை வைத்து, குழம்பு மாதிரி இருக்கும் கலர் சிமெண்டைச் சின்னக் கரண்டியில் எடுத்து ஒவ்வொரு இதழுக்குள்ளும் ஊற்றுவார். சிவப்பு பச்சைக்குள் போகாது. அச்சை நேராக மேலே தூக்குவதுதான் கலை. கை ஒரு நூல் அசைந்தாலும் பூ கலங்கிவிடும். அப்புறம் அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு அழுத்தி, காயவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். கண்ணாடி கழன்று வரும்போதுதான் பளபளப்பு தெரியும். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனசு அடங்கிப்போனது. செய்துகொண்டிருந்தவரிடம் கேட்டேன், உங்களுக்கு எப்படி இருக்கும் என்று. "இடுப்பு வலிக்கும்மா" என்றார்.

ஜனவரி 21

"இதெல்லாம் கதை, ஆராய்ச்சி உண்டா" என்கிற தம்பிக்கு.

உண்டு. ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பது மாதிரி இல்லை. 2016-இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் தங்கள் இஷ்டத்துக்கு வரையவும் களிமண் பிசையவும் விட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் அளந்தார்கள். மன அழுத்தத்தில் ஏறும் ஹார்மோன் அது. நான்கில் மூன்று பேருக்குக் குறைந்திருந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் இல்லை. இதில்தான் எனக்கு ஆசை. ஆனால் ஒன்றும் செய்யாமல் 45 நிமிடம் சும்மா உட்கார்ந்த ஒரு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்து அளக்கவில்லை. அதனால் இதை வைத்துக்கொண்டு கொடி பிடிக்க முடியாது.

இன்னொன்று கேளுங்கள். 2012-இல் பிரிட்டனில் மாடிஸ் என்ற பெரிய ஆய்வு. ஸ்கிசோஃப்ரீனியா என்ற தீவிர மனநோய் உள்ள 417 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு வாராவாரம் குழு ஆர்ட் தெரபி. முடிவில் பார்த்தால், அதனால் நோய் நிலையில் தனியாக முன்னேற்றம் எதுவும் காணவில்லை. பெயர் கொடுத்தவர்களில் பலர் ஒழுங்காக வரவும் இல்லை.

ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டுப் படம் வரையுங்கள் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். துக்கம், தனிமை, பதற்றம், பெரிய நோயோடு வாழும் சலிப்பு, இந்த மாதிரி இடங்களில்தான் இது கை கொடுக்கிறது.

ஜனவரி 24

கொஞ்சம் பெரிய குறிப்பு இது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலதை மாற்றியிருக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், மனநல ஆலோசகர் ஒருவருக்கு உதவியாளாகச் சனிக்கிழமைகளில் போகிறேன். நான் தெரபிஸ்ட் இல்லை, பேப்பரும் கலரும் எடுத்துவைக்கும் ஆள். வருகிறவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். உங்களுக்குத் தெரியாதது இல்லை: முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவரை நீளும் வீடு, அதற்குள் ஒரே ஒரு ஆச்சி. பிள்ளைகள் சிங்கப்பூர், டல்லாஸ். சாமி வீட்டில் விளக்கேற்ற மட்டும் ஒரு உயிர்.

அப்படி ஒரு ஆச்சி வந்தார்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். இங்கே வந்து பேப்பரைப் பார்த்ததும், "எனக்குப் படமெல்லாம் வராது" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஆலோசகர் வற்புறுத்தவில்லை. பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாட்டுக்கு ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து ஆச்சி பென்சிலை எடுத்துக் கோடு போட்டார்கள். படமில்லை, கட்டம். சிட்டை எழுதுகிற மாதிரி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சாமான். அண்டா, குத்துவிளக்கு, மரவை, எனாமல் தூக்கு, இடியாப்ப உரல். எல்லாம் கட்டைவிரல் அளவு.

அவர்கள் கல்யாணத்தில் சீராகப் பரப்பிய சாமான்கள் அவை. போன வருஷம் மகன் வந்தபோது பெட்டக அறையை ஒழித்து, காரைக்குடி பழஞ்சாமான் கடைக்காரரை வரவழைத்து மொத்தமாக எடைபோட்டுக் கொடுத்துவிட்டார். மகனைக் குற்றம் சொல்ல முடியாது. யார் துலக்குவது, யார் பாதுகாப்பது? ஆச்சியும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன கடைசி முழு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்தடுத்த வாரங்களில் கட்டங்கள் பெரிதாயின. எனாமல் தூக்குக்கு மட்டும் கலர் வேண்டும் என்றார்கள். பச்சை. நான் கொடுத்த பச்சை இல்லை, "இது கிளிப்பச்சை, அது வேற". மஞ்சள் கலந்தோம், நீலம் கலந்தோம், ஒரு துளி கறுப்பு. தட்டு முழுக்கப் பச்சைத் திட்டுகள். கடைசியில் ஒரு திட்டைக் காட்டி, "இதுதான். விளிம்புல கொஞ்சம் பேந்திருக்கும், அதையும் போடு" என்றார்கள். நீங்களே போடுங்க ஆச்சி என்று பிரஷைக் கொடுத்தேன். விளிம்பில் பேந்த இடத்தைப் போட்டுக்கொண்டே, அது எப்படிப் பேந்தது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ரங்கூனிலிருந்து அதைக் கொண்டுவந்த ஐயாவிலிருந்து ஆரம்பித்து, கீழே போட்ட மகன் வரைக்கும். அன்றைக்குத்தான் மகன்மேல் இருந்த கோபம் வெளியே வந்தது. நன்றாகத் திட்டினார்கள். ஆலோசகர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

இப்போது சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். மாத்திரையால் எவ்வளவு, பச்சையால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் தராசு கிடையாது. மகனுக்குப் போன் பண்ணித் திட்டினார்களா என்று கேட்காதீர்கள். பண்ணினார்கள்.

ஜனவரி 25

அந்தப் படங்களைப் போடச் சொல்லி ஒரே கோரிக்கை. போடமாட்டேன். ஆலோசனைக் குறிப்பு எப்படி வெளியே போகாதோ, அதே மாதிரிதான் அங்கே வரைந்த படமும். வரைந்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அங்கேயே உறையில் வைத்துப் பூட்டலாம், கிழித்துப் போடலாம். லைக் வாங்க ஆரம்பித்தால் மறுபடியும் எதிர்வீட்டுத் திண்ணைதான்.

ஜனவரி 27

"என் பையன் எல்லாவற்றுக்கும் கறுப்பே அடிக்கிறான், மனசுக்குள் ஏதோ இருக்கிறது என்று யூடியூப்பில் சொல்கிறார்கள்" என்று ஒரு அம்மா பதறிப்போய் எழுதியிருக்கிறார்.

முதலில் க்ரேயான் பெட்டியைத் திறந்து பாருங்கள். மற்றதெல்லாம் உடைந்து கறுப்பு ஒன்றுதான் முழுசாக இருக்கலாம். என் வகுப்பில் ஒரு பையன் பக்கம் பக்கமாகக் கறுப்பு அடித்தான். என்னவென்று கேட்டால், "காக்கா டீச்சர், கிட்டக்க வந்து நிக்குது" என்றான். இந்தக் கலர் என்றால் இந்த நோய் என்று ஜாதகம் மாதிரி வாசிக்கிறவரிடம் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். விவரம் தெரிந்தவர் படத்தைப் பார்த்துப் பலன் சொல்லமாட்டார். "இதைப் பற்றிச் சொல்றியா" என்று பிள்ளையிடமே கேட்பார். பையன் சாப்பிடுகிறானா, விளையாடுகிறானா, தூங்குகிறானா என்று பாருங்கள். அதில் மாற்றம் இருந்தால் டாக்டரிடம் போங்கள், கலர் எதுவாக இருந்தாலும்.

பிப்ரவரி 2

கோலத்தைப் பற்றி முதல் நாள் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். இந்த வாரம் முழுக்க மனசில் ஓடிக்கொண்டிருந்த விஷயம்.

2005-இல் கர்ரி, கேஸர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு முதலில் பதற்றம் வரவைத்து, பிறகு மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மண்டலா என்ற வட்டக் கோலம், கலர் அடிக்க. ஒரு பிரிவுக்குக் கட்டம் போட்ட வடிவம். மூன்றாவது பிரிவுக்கு வெறும் தாள், இஷ்டத்துக்கு வரையலாம். கோலமும் கட்டமும் கிடைத்தவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெறும் தாள்காரர்களுக்கு அப்படி இல்லை. சுதந்திரம்தான் மருந்து என்று நினைத்தால் இது இடிக்கிறது.

எனக்கு இது புதிதும் இல்லை. என் ஆத்தா இறந்த வருஷம் என்னால் ஒரு படம் வரைய முடியவில்லை. ஓவிய டீச்சர், வெள்ளைத் தாளைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். ராத்திரி தூக்கம் வராமல் பழைய கணக்கு நோட்டில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருப்பேன். புள்ளி எங்கே வளையச் சொல்கிறதோ அங்கே கை வளையும். நான் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. கோடு சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். மனசு கலைந்து கிடக்கிறவருக்கு விதியே ஒரு கைப்பிடிச் சுவர்.

இதைத் தொழில்காரர்களும் கணக்கில் வைத்திருக்கிறார்கள். 1978-இல் கேகின், லூஸ்பிரிங்க் என்ற இருவர், எந்தப் பொருள் ஆளை எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஒரு வரிசை வகுத்தார்கள். பென்சிலும் ஸ்கேலும் அடக்கிப் பிடிக்கும். தண்ணீர்க் கலரும் விரலால் பூசும் கலரும் அவிழ்த்துவிடும். இறுகிப்போய் இருப்பவருக்கு ஈரக் கலரைக் கொடுக்கலாம். ஏற்கெனவே உடைந்து அழுதுகொண்டிருப்பவர் கையில் அதைக் கொடுத்தால் வெள்ளம்தான். எதை, யாரிடம், எப்போது கொடுப்பது என்பதற்குத்தான் பயிற்சி.

ஆக, தேவகோட்டை ஆச்சிக்கு: உங்கள் அப்பத்தா விடியக்காலையில் வாசலில் போட்டது வேறு. மார்கழி முடிந்தபின் யாருக்கும் காட்டாமல் நோட்டில் போட்டது வேறு. இரண்டாவது இருந்ததா என்று தேடிப் பாருங்கள். நிறைய வீட்டில் அந்தக் கோல நோட்டு அரிசி ரசீதுகளுக்கு அடியில் கிடக்கும்.

பிப்ரவரி 3

செலவு, ஆள் தேடுவது பற்றி. நம் பக்கம் ஆர்ட் தெரபிஸ்ட் என்று போர்டு வைத்தவர்கள் அபூர்வம். பிரிட்டனில் அந்தப் பட்டம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, முதுநிலை படித்துப் பதிவு செய்யாமல் போட்டுக்கொள்ள முடியாது. இங்கே இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். எங்கே படித்தீர்கள், எவ்வளவு காலம், யார் மேற்பார்வையில் என்று கேளுங்கள். கோபப்பட்டால் வேறு ஆள் பாருங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், அதையும் கேட்கலாம்.

உயிரை விடத் தோன்றுகிற அளவுக்குப் போயிருந்தால் க்ரேயானைத் தேடாதீர்கள். 14416, டெலி மனாஸ். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

பிப்ரவரி 9

கொட்டான் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று நானே ஆரம்பிக்கிறேன். கிட்டத்தட்ட அழிந்திருந்த கொட்டான் முடைதலை எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாச்சார அறக்கட்டளை மீட்டெடுத்ததும், சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்கள் அதில் சம்பாதிப்பதும் உங்களுக்குத் தெரியும். சாயம் தோய்த்த பனையோலையை ஒன்று விட்டு ஒன்று தூக்கி முடையும் கூடத்தில் போய் உட்கார்ந்தால், கை ஒரு பக்கம் ஓட, வாய் இன்னொரு பக்கம் ஓடும். மாமியார், கடன், கர்ப்பப்பை ஆபரேஷன், எல்லாம் வரும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை ஓலையைப் பார்த்துச் சொல்லலாம். சிகிச்சை என்று இதைச் சொல்லமாட்டேன், ஆனால் சிகிச்சை அறையில் பாதி நேரம் நடப்பதும் இதுதான்.

ஆண்கள்தான் வருவதில்லை. "கலர் அடிக்கக் கூப்பிடுறீங்களா" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு ஐயா மட்டும் மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் எங்கள் ஸ்டூல் கால் ஆடுகிறது என்று சொன்னதும் உள்ளே வந்தார். அது முடிந்ததும் அலமாரிக் கதவு. இப்போது களிமண்ணில் ஏதோ செய்கிறார். தேக்குத் தூணாம். பர்மாவிலிருந்து வந்த அளவுப்படி வேண்டுமாம், ஸ்கேல் கேட்கிறார்.

பிப்ரவரி 11

தேவகோட்டை ஆச்சி திரும்ப வந்து, மகள் விடுமுறைக்கு வருகிறாள், வீட்டில் என்ன வாங்கி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆயில் பேஸ்டல் ஒரு பெட்டி, சின்னது போதும். கெட்டியான சார்ட் தாள், வெள்ளை வேண்டாம், பழுப்போ வெளிர்நீலமோ. 2பி பென்சில். பழைய செய்தித்தாள் கொஞ்சம், கையைத் துடைக்க. ஆத்தங்குடித் தரையில் பேஸ்டல் விழுந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகும், அதற்காக அவளைத் திட்ட வேண்டாம். வரைந்ததைக் காட்டினால் பாருங்கள். காட்டாவிட்டால் காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள். முக்கியமாக, இரண்டாம் பரிசு வாங்கிய கோலத்தின் போட்டோவைப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.